வேர் சொல்லும் பதம்: திரவ எருவின் முதிர்ச்சியை விதை முளைப்பால் அறிவது எப்படி?

சென்ற தை மாதத்தில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் எங்கள் உறவினர் நிலத்தில் முள்கத்தரி நாற்றங்காலுக்கு, சாணமும் கோமியமும் வெல்லமும் கலந்து நொதிக்கவைக்கும் திரவ எருவான ஜீவாமிர்தம் ஊற்றினோம். நாற்றுக்குப் பன்னிரண்டு நாள் வயது. கரைசல் கலந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வழக்கமாக வாய்க்கால் நீரோடு கலந்து விடுவதை, பாத்தி சிறியது என்பதால், அன்று பூவாளியில் பிடித்து நேராகத் தெளித்துவிட்டோம். மறுநாள் மாலைக்குள் இலை ஓரங்கள் சுருண்டன. நான்காம் நாள் பார்த்தபோது பாத்தியின் ஒரு பக்கம் முழுவதும் தலைசாய்ந்து கிடந்தது. பெரியம்மா ஒரு நாற்றை மெல்லப் பிடுங்கி, வேரிலிருந்த மண்ணைத் தண்ணீரில் அலசிவிட்டு, உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "இன்னாப்பா இது, வேரு நுனியெல்லாம் டீத்தூளு மாதிரி கருத்துப் போயிருக்குது?" என்று கேட்டார். இதே கைப்பக்குவத்தில் கலந்த கரைசலை ஒரு மாதத்துக்கு முன் வாழைக்கு விட்டிருந்தோம். அதற்கு ஒரு குறையும் நேரவில்லை.

இலவம்பாடி முள்கத்தரி 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பயிர். அதை இயற்கை முறையில் வளர்க்க விரும்புகிறவர்கள் இப்பகுதியில் பலர் இருக்கிறார்கள். வாழைக்கும் கரும்புக்கும் மல்லாட்டைக்கும் (நிலக்கடலை) ஜீவாமிர்தமும், சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்ந்த பஞ்சகவ்யமும், மீன் அமிலமும் கொடுப்பவர்களும் குறைவில்லை. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: டிரம்மில் இருக்கும் கரைசல் பயிருக்குக் கொடுக்கும் பதத்துக்கு வந்துவிட்டதா, இல்லையா? இந்தக் கேள்விக்கு நாளெண்ணிக்கையை வைத்தும், வாசனையை வைத்தும், நுரையை வைத்தும் விடை சொல்லிவருகிறோம். இவற்றோடு விதையையும் சாட்சியாக அழைக்க முடியும். அது செலவில்லாத முறை, சில நாட்களில் விடை தருவது, அறிவியல் உலகில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் புழக்கத்தில் இருப்பது. ஆனால் அந்தச் சாட்சி சொல்வதைச் சரியாகப் புரிந்துகொள்ள, நாம் கேட்கும் விதமும் சரியாக இருக்க வேண்டும். எந்த அளவு தண்ணீர் கலந்து கேட்டோம், எந்தத் தண்ணீரைக் கலந்தோம், முளையைப் பார்த்தோமா வேரைப் பார்த்தோமா என்பவற்றைப் பொறுத்து விடை மாறிவிடும்.

நாளெண்ணிக்கையை முதலில் எடுத்துக்கொள்வோம். சுபாஷ் பாலேக்கர் பரப்பிய ஜீவாமிர்த முறையில், 200 லிட்டர் தண்ணீருக்கு 10 கிலோ நாட்டுமாட்டுச் சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண் சேர்த்து நிழலில் வைத்துக் கலக்கிவந்தால், இரண்டு மூன்று நாட்களில் பயன்படுத்தலாம் என்பது கணக்கு. கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் தமிழ்நாட்டில் பரப்பிய பஞ்சகவ்யத்துக்கு ஒரு மாதம். மீன் கழிவையும் வெல்லத்தையும் சம எடையில் சேர்த்து மூடிவைக்கும் மீன் அமிலத்துக்கு மூன்று வாரம் என்பாரும் உண்டு, ஒரு மண்டலம் என்பாரும் உண்டு. இந்த நாட்கள் எல்லாம் ஒரு சராசரி வெப்பத்தையும், புதிய மூலப்பொருளையும் மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. நுண்ணுயிர்கள் காலண்டரைப் பார்த்து வேலை செய்வதில்லை. வேலூரில் மே மாதம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். தை மாதப் பின்னிரவில் அதில் பாதிக்கும் கீழே இறங்கும். சித்திரையில் இரண்டு நாளில் நடக்கும் நொதிப்பு தையில் நான்கைந்து நாள் எடுத்துக்கொண்டால் அதில் வியப்பில்லை.

வாசனையை நம்புவதிலும் நியாயம் உண்டு, ஆனால் அது ஓரளவுக்குத்தான். ஏன் என்பதை விளங்கிக்கொள்ள, டிரம்முக்குள் நடப்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கோமியத்தில் உள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதி யூரியாவாக இருக்கிறது. சாணத்திலும் மண்ணிலும் உள்ள நுண்ணுயிர்கள் சுரக்கும் யூரியேஸ் என்னும் நொதி, அந்த யூரியாவை ஓரிரு நாட்களிலேயே உடைத்து அம்மோனியாவாக மாற்றிவிடுகிறது. அதனால் கரைசல் காரத்தன்மையை நோக்கிப் போகிறது. அதே நேரத்தில் வெல்லத்தின் சர்க்கரையை வேறு நுண்ணுயிர்கள் தின்று, லாக்டிக் அமிலம், அசிட்டிக் அமிலம் முதலானவற்றை உண்டாக்குகின்றன. அவை கரைசலைப் புளிப்பை நோக்கி இழுக்கின்றன. நாள்தோறும் கலக்கிக் காற்றூட்டினால், இந்த அமிலங்களை மற்ற நுண்ணுயிர்கள் உண்டு தீர்த்துவிடும். கலக்காமல் விட்டால் காற்றில்லாத அடிப்பகுதியில் பியூட்டிரிக் அமிலம் சேர்ந்து, குடலைப் பிரட்டும் நாற்றம் எழும். ஹைட்ரஜன் சல்ஃபைடு சேர்ந்தால் அழுகிய முட்டை நாற்றம் வரும். பதமாகாத கரைசல் என்று நாம் சொல்வது, பெரும்பாலும் அம்மோனியாவோ இந்த அமிலங்களோ வேருக்குக் கேடு செய்யும் அளவில் இன்னும் தங்கியிருக்கும் கரைசலைத்தான்.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும். அம்மோனியம் அயனியாக இருப்பது அளவோடு இருந்தால் பயிருக்கு உணவு. வாயு வடிவில் கரைந்திருப்பதோ செல்லுக்குள் எளிதில் நுழைந்து நஞ்சாகிவிடும். எந்த வடிவம் எவ்வளவு என்பதைப் பி.எச். அளவும் (7 நடுநிலை; குறைந்தால் புளிப்பு, கூடினால் காரம்) வெப்பமும் முடிவு செய்கின்றன. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருந்தால் நஞ்சு வடிவம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பி.எச். 8 ஆனால் ஏறத்தாழ 5 விழுக்காடு; 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இதே பி.எச். 8 கரைசல் 35 டிகிரிக்குச் சூடானால் 5 விழுக்காடு ஏறத்தாழ 10 ஆகிவிடும். அசிட்டிக் அமிலம் இதற்கு நேர் எதிராக நடந்துகொள்கிறது. அது பி.எச். 4.8 அருகே பாதிக்குப் பாதி நச்சு வடிவில் இருக்கும், 6.8 அருகே போனால் அந்த வடிவம் நூற்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். புளிப்பின் கேடு தணியும்போது காரத்தின் கேடு தலைதூக்குகிறது என்பதால், பி.எச். 6.5 முதல் 7.5 வரையுள்ள இடைவெளிதான் வேருக்கு இதமான இடம். இந்திய அரசின் உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர்ப்புறக் கம்போஸ்டுக்கு இதே எல்லையைத்தான் வைத்திருக்கிறது.

எங்கள் நாற்றங்காலில் நேர்ந்த தவறு இதைப் படித்த பிறகுதான் விளங்கியது. அன்று கலந்த கோமியம் புதியது இல்லை. மூன்று வாரமாகப் பிளாஸ்டிக் கேனில் சேர்த்து வைத்திருந்தது. அளவும் சற்றுத் தாராளமாகவே போயிருந்தது. பழைய கோமியத்தில் யூரியா முழுவதும் ஏற்கெனவே அம்மோனியாவாகி, பி.எச். 9-ஐ ஒட்டி நிற்கும். கலந்த இரண்டாம் நாளில், குளிரில் வெல்லத்தின் நொதிப்பும் மந்தமாக இருந்திருக்கும் என்பதால், காரத்தைத் தணிக்கப் போதிய அமிலமும் இல்லை. மூடியைத் திறந்தபோது மூக்கில் சுள்ளென்று ஏறியது எல்லோருக்கும் தெரிந்தது. "கோமியம் ஊத்துனா அப்டித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டு ஊற்றினோம். வாசனை எச்சரித்தது, ஆனால் எவ்வளவு கேடு என்று அதனால் அளந்து சொல்ல முடியவில்லை. அளந்து சொல்லும் வேலையைத்தான் விதை செய்கிறது.

விதையை முளைக்கவிட்டுப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. திருமண வீட்டில் பாலிகைக் கிண்ணத்தில் நவதானியம் தெளித்து முளையைப் பார்க்கிறோம். விதைநெல்லை ஊறவைத்து ஈரச் சாக்கில் கட்டி, வைக்கோல் போர்த்தி முளைகட்டும்போது, பிரித்துப் பார்த்தவுடனே விதையின் தரம் தெரிந்துவிடும். அங்கே தண்ணீர் நல்லது என்று கொண்டு விதையைச் சோதிக்கிறோம். இங்கே நல்ல விதையை வைத்துக்கொண்டு தண்ணீரைச் சோதிக்கிறோம். இதை ஒரு முறையாக வகுத்தவர்கள் இத்தாலியைச் சேர்ந்த சுக்கோனியும் அவருடைய சகாக்களும். பதமாகாத கம்போஸ்ட் பயிரைக் கெடுப்பதை அளக்க, 1981-இல் அவர்கள் கிரெஸ் என்னும் சிறு கீரையின் விதையைப் பயன்படுத்தினார்கள். கம்போஸ்டின் சாற்றில் முளைத்த விதைகளின் எண்ணிக்கையையும், அவற்றின் வேர் நீளத்தையும், வெறும் தண்ணீரில் முளைத்தவற்றோடு ஒப்பிட்டு, இரண்டையும் பெருக்கி ஒரே எண்ணாகத் தந்தார்கள். அதற்கு விதை முளைப்புக் குறியீடு என்று பெயர். 50 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் பயிருக்கு நஞ்சு, 80-க்கு மேலே வந்தால் முதிர்ந்தது என்று கொள்வது அதன்பின் உலகெங்கும் வழக்கமாயிற்று.

எண்ணிக்கையோடு வேர் நீளத்தையும் சேர்த்ததில்தான் இந்த முறையின் கூர்மை இருக்கிறது. விதைக்குள் அதற்கு வேண்டிய உணவு இருக்கிறது. தோல் ஈரத்தை உறிஞ்சி உப்பினால், ஓரளவு கெட்ட நீரிலும் முளை எட்டிப்பார்த்துவிடும். ஆனால் வெளியே வந்த வேர்முனைதான் அந்த நீரை நேராகச் சந்திக்கிறது. அங்கே செல்கள் ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும். நஞ்சு முதலில் தாக்குவது அந்த இடத்தை. ஒரு கணக்கு வைத்துப் பார்ப்போம். சாதாரணத் தண்ணீரில் 100 விதைக்கு 92 முளைத்து, வேர் சராசரியாக 32 மில்லிமீட்டர் நீண்டது என்று வைத்துக்கொள்வோம். கரைசலில் 82 முளைத்து, வேர் 19 மில்லிமீட்டர்தான் நீண்டது. முளைப்பை மட்டும் பார்த்தால் 92-க்கு 82, அதாவது 89 விழுக்காடு. நல்ல கரைசல் என்று தோன்றும். வேர் நீளமோ 32-க்கு 19, அதாவது 59 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் குறியீடு 53-தான் வருகிறது. நாற்றங்காலுக்குக் கொண்டுபோகத் தகாத கரைசலை முளை எண்ணிக்கை ஒளித்துவிட்டது, வேர் காட்டிக்கொடுத்துவிட்டது.

செய்முறைக்கு வருவோம். ஆய்வகம் வேண்டியதில்லை, கவனம் வேண்டும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது டிரம்முக்குப் பொருந்தாது, ஏனென்றால் மேல்நீரும் அடிக்கசடும் ஒன்றல்ல. ஆகவே நன்றாகக் கலக்கிய பிறகு, நடுவிலிருந்து ஒரு சொம்பு எடுத்து, பழைய வேட்டித் துணியை நான்காக மடித்து வடிகட்ட வேண்டும். எடுத்த அன்றே சோதனையைத் தொடங்கிவிட வேண்டும். பாட்டிலில் அடைத்து மறுநாள் வரை வைத்தால், அது வேறொரு கரைசலாகியிருக்கும். ஒரே அளவான எவர்சில்வர் தட்டுகளில் வடிதாளையோ, கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியையோ இரண்டு மடிப்பாகப் பரப்பி, அது நனையும் அளவுக்கு மட்டும் கரைசலை விட வேண்டும். உள்ளங்கை அகலத் தட்டுக்கு 5 மில்லிலிட்டர் முதல் 8 வரை போதும். விதை மிதக்கும்படி ஊற்றினால் காற்றின்றி அழுகிவிடும். அந்தப் பழி கரைசல் மேல் விழும். தட்டுக்கு 25 விதை, ஒவ்வொரு கரைசலுக்கும் நான்கு தட்டு என்று வைத்தால் 100 விதையின் கணக்கு கிடைக்கும். இருட்டான, வெப்பம் அதிகம் ஏறாத இடத்தில் வைக்க வேண்டும். கோடையில் சிமெண்ட் ஷீட் கூரைக்கு அடியில் வைத்தால் தண்ணீர்த் தட்டிலேயே முளைப்பு கெடும். ஓட்டு வீட்டின் உள்ளறையில், மண்பானைக்குப் பக்கத்தில் வைப்பது நல்லது.

தட்டுகளை மூடும் விதத்தில் பலர் தவறிவிடுகிறார்கள். உலர்ந்துபோகாமல் இருக்க எல்லாத் தட்டுகளையும் ஒரே பெரிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுவது எளிது. ஆனால் பதமாகாத கரைசலிலிருந்து எழும் அம்மோனியா அந்த டப்பா முழுவதும் பரவி, பக்கத்தில் இருக்கும் தண்ணீர்த் தட்டின் வேரையும் கருக்கும். அப்போது ஒப்பிட வைத்த அளவுகோலே கெட்டுவிடுகிறது. கரைசல் மோசம், தண்ணீரும் மோசம், இரண்டும் சமம் என்ற கணக்கில் குறியீடு உயர்ந்து வரும். ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக இன்னொரு தட்டால் கவிழ்த்து மூடி, தண்ணீர்த் தட்டுகளை அடுத்த அறையில் வைப்பதுதான் பாதுகாப்பு.

எந்த விதை என்பதும் முக்கியம். சிறு விதையில் சேமிப்பு உணவு குறைவு. அது சீக்கிரம் வெளிநீரை நம்ப வேண்டியிருப்பதால், கேட்டை எளிதில் காட்டும். பச்சைப்பயறு, காராமணி போன்ற பெரிய விதைகள் பொறுத்துக்கொள்ளும். பச்சைப்பயறு தேறிவிட்டது என்பதால் அந்தக் கரைசலைக் கத்தரி நாற்றுக்கு ஊற்றலாம் என்று முடிவு செய்யக் கூடாது. நான் முள்ளங்கி விதையைப் பயன்படுத்துகிறேன். மூன்று நான்கு நாட்களில் வேர் அளக்கும் நீளத்துக்கு வந்துவிடும். நேராக வளர்வதால் வடிவியல் பெட்டி ஸ்கேலிலேயே அளக்கலாம். கத்தரி, மிளகாய் விதைகள் முளைக்க ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதற்குள் தட்டில் பூஞ்சணம் ஏறிவிடும். கடையில் வாங்கும் காய்கறி விதைகள் பல, பூஞ்சணக்கொல்லி பூசப்பட்டு இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ வருகின்றன. அவற்றைச் சோதனைக்கு எடுக்கக் கூடாது. தண்ணீரில் எவ்வளவு முளைக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். சான்று விதைக்கு முள்ளங்கியில் குறைந்தது 70 விழுக்காடு, பச்சைப்பயறில் 75, நெல்லில் 80 என்று விதைச் சான்றுத் தரம் சொல்கிறது. சோதனைக்கு 85-க்கு மேல் முளைக்கும் விதையை எடுத்தால் கணக்கு தெளிவாக வரும்.

அளக்கும் நாளில், முனை மட்டும் தெரிந்த விதையை முளைத்ததாக எண்ணாமல், வேர் 5 மில்லிமீட்டராவது நீண்டதை மட்டும் எண்ண வேண்டும். சராசரி வேர் நீளத்தை முளைத்த விதைகளுக்கு மட்டும் போட வேண்டும். முளைக்காததைச் சுழியமாகச் சேர்த்தால் ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை தண்டனை கொடுத்ததாகும். எண்ணுவதோடு நிற்காமல் வேரையும் பார்க்க வேண்டும். தண்ணீர்த் தட்டில் முள்ளங்கி வேர் பால்வெள்ளையாக, நுனிக்குச் சற்று மேலே பனி படிந்ததுபோல மெல்லிய வேர்த்தூவிகளோடு நிற்கும். அம்மோனியாவோ அமிலமோ மிகுந்த தட்டில் நுனி பழுப்பேறி, தூவிகள் இல்லாமல் மொழுக்கென்று இருக்கும். உப்பு மிகுந்த தட்டில் பெரும்பாலும் நிறம் மாறாது. வேர் வெள்ளையாகவே இருந்து குட்டையாக நின்றுவிடும், சில விதைகள் உப்பாமலே கிடக்கும். தட்டில் கொழகொழப்பும் பூஞ்சணமும் இருந்தால், சர்க்கரை இன்னும் தீரவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இனி நீர்ப்பின் அளவு, அதாவது கரைசலோடு எவ்வளவு தண்ணீர் கலக்கிறோம் என்பது. திரவ எருவைப் பொறுத்தவரை இதுதான் விஷயத்தின் நடுநாயகம் என்று கருதுகிறேன். கம்போஸ்டுக்கு வகுத்த 80 விழுக்காட்டு எல்லையைத் திரவ எருவுக்கு அப்படியே எடுத்துவைத்துப் பேசுவது சரியாகாது. நீர் கலக்காத பஞ்சகவ்யத்தில் எந்த விதையும் ஒழுங்காக முளைக்காது, அது எவ்வளவு நன்றாக முதிர்ந்திருந்தாலும் சரி. அதே பஞ்சகவ்யத்தை 3 விழுக்காடாக, அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லியாகக் கலந்தால், முதிராததுகூடத் தேறிவிடக்கூடும். ஒரு முனையில் எல்லாம் தோற்கும், மறுமுனையில் எல்லாம் வெல்லும். இரண்டும் முதிர்ச்சியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ஆகவே ஒரே கரைசலை 1, 3, 10, 30 விழுக்காடு என்று படிப்படியாக நீர்த்து, குறியீடு 80-க்குக் கீழே எந்தப் படியில் சரிகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்தாம் நாளில் 3-க்கு மேலே போனதும் சரிந்த கரைசல், பதினைந்தாம் நாளில் 10 வரை தாங்குகிறது, இருபத்தைந்தாம் நாளிலும் அதே 10-இல் நிற்கிறது என்றால், அது பதத்துக்கு வந்து நிலைத்துவிட்டது என்று பொருள். ஒரு நாள் எடுத்த ஓர் எண்ணைவிட, நாட்கள் ஊடாக அந்த எண் நகர்வதும் பிறகு நிற்பதும்தான் முதிர்ச்சியின் நம்பகமான அடையாளம். குறியீடு 100-ஐத் தாண்டினால் பலர் மகிழ்கிறார்கள். கரைசலில் உள்ள சத்தும் வளர்ச்சி ஊக்கிகளும் வேரை நீளச் செய்திருக்கலாம்; விளைச்சல் கூடும் என்பதற்கு அது சான்றாகாது.

ஜீவாமிர்தத்துக்கு இதில் ஒரு தனி நிலை உண்டு. அது கம்போஸ்ட்போல் முழுவதும் மக்கி அடங்க வேண்டிய பொருளாகக் கருதப்படுவதில்லை. நுண்ணுயிர்கள் பெருகித் துடிப்போடு இருக்கும்போதே மண்ணில் சேர வேண்டும் என்பதுதான் அதை உண்டாக்கியவர்களின் நோக்கம். அதனால் அது அடங்கும் வரை காத்திருப்பது அதன் பயனைக் குறைக்கும். இங்கே விதையிடம் கேட்க வேண்டிய கேள்வி, இந்த நிலையில் எத்தனை மடங்கு நீர் சேர்த்தால் இளவேர் தாங்கும் என்பதுதான். வேரூன்றிய வாழைக்கு வாய்க்கால் நீரில் போகும் கரைசல், மண்ணிலுள்ள களிமண் துகளிலும் மக்கிலும் பட்டுத் தணிந்துதான் வேரைச் சேர்கிறது. தட்டில் கிடக்கும் விதைக்கு அந்தக் காப்பு இல்லை. ஆகவே தட்டுச் சோதனை, நிலத்தில் நடப்பதைவிடக் கடுமையான சோதனை. மேட்டுப்பாத்தி நாற்றுக்கும், விதை ஊறவைப்பதற்கும், தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டு நாற்றுக்கும் அந்தக் கடுமையை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும். வளர்ந்த வாழைக்கும் தென்னைக்கும் சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம்.

சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் கழிவுக்கு இந்தச் சோதனை மிகவும் தேவை. காற்றில்லாத கலனுக்குள் சாணத்தின் புரதத் தழைச்சத்தில் கணிசமான பங்கு அம்மோனியமாக மாறிவிடுகிறது, காரத்தன்மையும் கூடிவிடுகிறது. வெளியே வந்தவுடன் அதில் கரைந்த ஆக்சிஜனும் இருக்காது. அன்றே பாத்தியில் விடுவதற்கும், அகலமான தொட்டியில் சில நாள் நிழலில் நிறுத்தி விடுவதற்கும் உள்ள வேறுபாட்டை முள்ளங்கி வேர் தெளிவாகக் காட்டும். காற்றாடவிடும்போது அம்மோனியாவாகப் பறப்பது தழைச்சத்துதான் என்பதால், தேவைக்கு மேல் காத்திருப்பதும் நட்டமே.

இனிச் சொல்லப்போவது வட ஆற்காட்டுக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019-இல் மூன்றாகப் பிரிந்த மாவட்டத்தின் நடுவே ஓடும் பாலாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. நமக்கு நீர் கிணற்றிலும் ஆழ்துளைக் கிணற்றிலும்தான். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்கூடங்களின் கழிவு நிலத்தடி நீரை உப்பாக்கியது. அந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. இப்படிப்பட்ட நீரில் கலந்த திரவ எருவைச் சோதித்துக் குறியீடு குறைந்து வந்தால், குற்றம் எருவினுடையதா, நீரினுடையதா? எரு முதிர்வதால் உப்பு குறையாது. அம்மோனியா பறந்துபோகும், அமிலத்தை நுண்ணுயிர் தின்னும். சோடியமும் குளோரைடும் டிரம்மில் அப்படியே கிடக்கும், நீர் ஆவியாக ஆவியாக இன்னும் அடர்த்தியாகும். கோமியமும் தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவருகிறது.

இதற்கு வழி, ஒப்பீட்டுத் தட்டை இரண்டு வகையாக வைப்பது. ஒன்று மழைநீரில் அல்லது காய்ச்சி வடித்த நீரில். மற்றொன்று எருக் கலந்த அதே கிணற்று நீரில். மழைநீரில் 94 விதை முளைத்து வேர் 38 மில்லிமீட்டர் நீண்டது, கிணற்று நீரில் 92 விதை முளைத்து 32 மில்லிமீட்டர் நீண்டது என்று வைத்துக்கொண்டால், எருவே சேராத கிணற்று நீரின் குறியீடு 82. அதாவது 18 விழுக்காட்டுக் குறைவு எருவைத் தொடுமுன்பே வந்துவிட்டது. இப்போது கரைசலைக் கிணற்று நீரோடு ஒப்பிட்டால் எருவின் பதம் தெரியும். மழைநீரோடு ஒப்பிட்டால் பயிர் உண்மையில் படப்போகும் பாடு தெரியும். இரண்டும் வேண்டிய விடைகள். கிணற்று நீரை மட்டும் வைத்து ஒப்பிட்டவருக்கு எரு நன்றாக இருக்கும், நாற்று ஏன் ஏறவில்லை என்பது புரியாது.

உப்பா, அம்மோனியாவா என்று ஐயம் வந்தால் ஓர் எளிய வழி உண்டு. வடிகட்டிய கரைசலில் பாதியை அகலத் தட்டில் ஊற்றி, நிழலில் ஒரு நாள் அவ்வப்போது கலக்கிக் காற்றாட விட்டு, ஆவியான அளவுக்கு மழைநீர் சேர்த்துச் சமன் செய்து, மறுபடி விதை வைத்துப் பார்க்க வேண்டும். குறியீடு தெளிவாக ஏறினால் கெடுத்தது பறக்கக்கூடிய பொருள், அதாவது அம்மோனியாவோ ஆவியாகும் அமிலமோ. சில நாள் பொறுத்தால் டிரம்மும் சரியாகிவிடும். ஏறாவிட்டால் பெரும்பாலும் உப்புதான். அதற்குக் காத்திருப்பது மருந்தாகாது, அதிக நீர்ப்போ வேறு நீரோதான் மருந்து. மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் நீரின் மின்கடத்துதிறனை, அதாவது உப்பு எவ்வளவு என்பதைக் காட்டும் அளவைச் சொல்லிவிடுவார்கள். மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.0 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே பீன்ஸின் விளைச்சல் குறையத் தொடங்குகிறது, முள்ளங்கிக்கு 1.2, கரும்புக்கு 1.7, தக்காளிக்கு 2.5, நெல்லுக்கு 3.0, மல்லாட்டைக்கு 3.2. மல்லாட்டைக்கு ஒத்துப்போகும் கரைசல் பீன்ஸுக்கு ஒத்துப்போகாததன் காரணத்தில் ஒரு பங்கு இந்த எண்களில் இருக்கிறது.

விதையால் சொல்ல முடியாதவையும் உண்டு. குடல் நோய்க் கிருமிகள் கரைசலில் உயிரோடு இருந்தாலும் முள்ளங்கி வேர் நன்றாகவே நீளும். ஆகவே குறியீடு 100 வந்த கரைசலையும், பச்சையாகத் தின்னும் கீரைமேல் அறுவடையை ஒட்டித் தெளிக்கக் கூடாது. தழை, மணி, சாம்பல் சத்து எவ்வளவு என்பதையும் அது சொல்லாது. ஐந்தாறு விழுக்காட்டு வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்வதும் சரியில்லை; 100 விதைக் கணக்கில் அந்த அளவு ஏற்ற இறக்கம் தற்செயலாகவே வரும்.

அந்தத் தை மாதத்துக்குப் பிறகு, எங்கள் டிரம்முக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் அட்டை தொங்குகிறது. கலந்த தேதி, கோமியம் எத்தனை நாள் பழையது, எந்தக் கிணற்று நீர், தட்டு வைத்த நாள், எத்தனை விழுக்காட்டில் வேர் சரிந்தது என்று ஐந்து பத்திகள். கோமியம் பழையது என்றால் அன்றைய அளவைப் பாதியாகக் குறைத்துவிடுகிறோம். கத்தரி நாற்றுக்கு, வேர் சரிந்த படிக்கு மூன்றில் ஒரு பங்கில்தான் ஊற்றுகிறோம். சித்திரையில் கிணறு அடியைத் தொட்டபோது, அதே செய்முறையில், அதே நாளெண்ணிக்கையில் கலந்த கரைசல் மழைநீர்த் தட்டோடு ஒப்பிட்டதில் இறங்கிப்போனது. கிணற்று நீர்த் தட்டோடு ஒப்பிட்டதில் அசையவில்லை. ஐப்பசி மழையில் கிணறு ஊறியதும் மறுபடி வைக்க, பெரியம்மா முள்ளங்கி விதையைச் சாம்பல் கலந்து ஒரு டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறார்.